மூடியில் ஓர் ஓட்டை

ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு உலகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அதற்குத் தோலில் ஒரு வைத்தியம் இருக்கும். கட்டில் ஆடினால் காலுக்கடியில் ஒரு தோல் துண்டு. ஜன்னல் கடகடத்தால் இடுக்கில் ஒரு தோல் துண்டு. ஊறுகாய் ஜாடியில் எறும்பு புகுந்தால் அதன் வாய்க்கு அளவெடுத்து ஒரு தோல் வட்டம். என் வீட்டுக்காரர் அப்துல் சமத் இந்த விஷயத்தில் ஊரில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. மேல்விஷாரத்திலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "என் வாய்க்கும் ஒண்ணு வெட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்தார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பார்.

பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மோட்டார் காரை அவர் வாங்கி வந்தார். பழைய வண்டிதான், ஆனால் எங்கள் தெருவுக்கு அதுவே முதல் கார். நான் கோஷாப் பெண் என்பதால் பின் ஸீட்டைச் சுற்றிப் பச்சைத் துணியில் திரை தைத்துப் போட்டார். பெட்ரோல் தொட்டி வண்டியின் பின்பக்கம், என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. அதன் மூடியை யாராவது திருகினால் என் காதில் திருகுவது போலக் கேட்கும்.

டிரைவர் பச்சையப்பன் எங்களிடம் வேலைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியும் என் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமானால் நான் வளையலால் கதவை ஒரு தட்டுத் தட்டுவேன். புறப்பட இரண்டு தட்டு. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இவரிடம் சொல்ல வேண்டும், இவர் அவனிடம் சொல்வார். எங்கள் வீட்டு வழக்கம் அது. அதில் எனக்கு அதுவரை ஒரு குறையும் தெரிந்ததில்லை.

ஒரு நாள் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அதிகமாக அடித்தது. எங்கள் மகள் குர்ஷித்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இவர் தொட்டியின் மூடியைக் கழற்றி, மண்டியில் தோலைத் தரம் பிரிக்கிற மாதிரி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. உடனே முகம் மாறிவிட்டது. ஓட்டை என்றாலே அவருக்கு ஆகாது. உரிக்கிறவன் கை தவறிக் கத்தி பட்டு ஒரு துளை விழுந்துவிட்டால் முதல் தரத் தோல் மூன்றாம் தரமாகிவிடும். வாலிப வயதிலிருந்தே வெயிலில் தோலைப் பிடித்து ஓட்டையைத் தேடி ஒதுக்குவதுதான் அவர் பிழைப்பு.

"இவ்ளோ பெரிய வண்டி செய்றான், மூடிய மட்டும் ஓட்டையோட அனுப்பறான் பாரு" என்றார்.

அன்று சாயங்காலமே எண்ணெய் ஊறிய நல்ல தோலில் ஒரு வட்டம் வெட்டி வந்து மூடிக்குள் அழுத்திப் பொருத்தினார். மூடி நன்றாக இறுகியது, வாடை நின்றது. நான்கூட மெச்சினேன். அதற்குப் பிறகு வண்டி வீட்டிலிருந்து மண்டிக்கும் மண்டியிலிருந்து மசூதிக்குமாகத் தெருவுக்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்தது. தூரம் எங்கும் போகவில்லை.

குர்ஷித்துக்குக் காய்ச்சல் வந்தது அந்த வாரத்தில்தான். முதலில் சாதாரணச் சளி என்று நினைத்தேன். மறுநாள் கழுத்து வீங்கியது. அதற்கடுத்த நாள் குரல் கம்மி, பேச்சு காற்றாய் வந்தது. மத்தியானம் டாக்டர் பஞ்சாட்சரம் வந்து கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவருடைய முகத்தையே பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"தொண்டை அடைப்பான்" என்றார். "உள்ள வெள்ளையாப் படலம் கட்டிப் போச்சு. இதுக்கு மருந்து என் கையில இல்ல. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க. பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரணும்."

கிளம்பும்போது கதவுப் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கட்டும் என்று இன்னொன்றும் சொன்னார். "மூச்சு இழுக்கறப்ப கழுத்துக்குக் கீழ குழி விழுது பாருங்க. அத கவனிச்சிக்கினே வரச் சொல்லுங்க. குழி ஆழமாச்சுன்னா நேரம் கம்மின்னு அர்த்தம்."

அதற்கு முந்தின மாதம் எதிர்வீட்டுச் சுகரா பேகத்தின் மகன் இதே நோயில்தான் போனான். ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். ரயில் வந்தது, பிள்ளை இல்லை. எங்களுக்கும் பகல் ரயில் போய்விட்டிருந்தது, அடுத்தது ராத்திரிதான். எங்களிடம் கார் இருந்தது. அல்லா அதற்காகவே அதை எங்கள் வீட்டுக்கு அனுப்பினான் என்று அந்த நிமிஷம் நம்பினேன். என்னோடு கூட வர உறவில் ஒருத்தியும் முன்வரவில்லை. எல்லோரும் பிள்ளைக்காரிகள், ஒட்டுகிற நோய், குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

இவர் முன்னால் பச்சையப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் திரைக்குள் குர்ஷித்தை மடியில் சாய்த்துக்கொண்டு கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி கிளம்பியது.

புளியமரச் சாலையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. என்ஜின் இரைச்சலில் பிள்ளையின் மூச்சு காதில் விழவில்லை. அதனால் கண்ணை எடுக்காமல் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்தெலும்புக்கு மேலே, என் விரல் நுனி பதிகிற இடம். மூச்சு இழுக்கும்போது உள்ளே போகும், விடும்போது மேலே வரும். உள்ளே போனால் பயம், வர நேரமானால் இன்னும் பயம்.

மாதனூர் வருவதற்கு முன் வண்டி திக்கத் தொடங்கியது. ஒரு குலுக்கல், பிறகு சரியாக ஓடியது. மறுபடி ஒரு குலுக்கல். பச்சையப்பன் காலை அழுத்துகிறான், வண்டி வேகம் எடுக்காமல் தயங்குகிறது, பிறகு திடீரென்று பாய்கிறது, திரும்பவும் தயங்குகிறது. கடைசியில் இருமி இருமி நின்றே போனது.

என்ஜின் அடங்கியதும் பிள்ளையின் மூச்சு கேட்டது. எண்ணெய் காணாத கிணற்றுச் சகடை மாதிரிக் கிரீச்சென்று ஓர் இழுப்பு. விடும்போது சத்தம் அவ்வளவாக இல்லை, இழுக்கும்போதுதான். வண்டி ஓடினால் அந்தச் சத்தம் கேட்கவில்லையே என்று தவிக்கிறேன், நின்றால் கேட்கிறதே என்று தவிக்கிறேன். இரண்டில் எது மேல் என்று அல்லாவே வந்து கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

"இன்னா ஆச்சு பச்சையப்பா?" என்று இவர் கேட்டார்.

"தெரியல முதலாளி. பெட்ரோல் இருக்குதான்னு பாத்துடறேன்."

அவன் பின்பக்கம் வந்து மூடியைத் திருகினான். திறந்ததும் 'ஹுப்' என்று நீளமாக ஒரு சத்தம். குச்சியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "நெறைய இருக்குது" என்று மறுபடி மூடினான். பிறகு முன்னால் போய் என்ஜினில் இருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கரி பிடித்திருக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். உப்புத்தாளால் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்புறம் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். நாலைந்து சுற்றில் வண்டி உயிர் பெற்றது.

"பிளக்குதான்" என்றார் இவர், நிம்மதியாக. "போய்க்கினே இரு, நிக்காத."

நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். மாதனூர் போயிற்று. சாலையோடு கூடவே பாலாறு வந்தது, தண்ணீர் இல்லாமல் மணலாக. குர்ஷித் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. "பேசாத கண்ணு, இதோ வந்துட்டோம்" என்றேன். எங்கே வந்துவிட்டோம் என்று எனக்கே தெரியவில்லை.

பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் வண்டி மறுபடி திக்கியது. அதே குலுக்கல், அதே தயக்கம். "ஐயோ வேணாம், வேணாம்" என்று இவர் வண்டியிடம் கெஞ்சுவது திரைக்குள் எனக்குக் கேட்டது. வியாபாரத்தில் யாரிடமும் குரலைத் தாழ்த்தாத மனிதர் இரும்பிடம் கெஞ்சினார். அது கேட்கவில்லை. நின்றது.

இந்த முறை கார்பரேட்டரில் கசடு என்றார்கள். பெட்ரோலும் காற்றும் கலக்கிற அந்தக் கிண்ணத்தைப் பச்சையப்பன் கழற்றித் துடைத்தான். அதிலிருந்த சின்னத் துளையில் வாயை வைத்து ஊதினான். இவர் வழியில் தொட்டி எங்காவது ஒழுகியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார்.

"எதுக்கும் ஒரு தபா தொட்டியப் பாரு."

மறுபடி மூடியைத் திறந்தார்கள். மறுபடி 'ஹுப்'.

"அது இன்னா சத்தம் முதலாளி?" என்று பச்சையப்பன் கேட்டான்.

"பெட்ரோல் ஆவி வெளிய வருது. வெயில்ல சூடாகும்ல. மூடி அவ்ளோ டைட்டா இருக்குதுன்னு அர்த்தம்." அந்தப் பதற்றத்திலும் அவர் குரலில் தான் வெட்டிய தோலைப் பற்றிக் கொஞ்சம் பெருமை இருந்தது.

தொட்டியில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. கிண்ணத்தை மாட்டி ஹாண்டிலைச் சுற்றினார்கள். வண்டி கிளம்பியது. "சொன்னேன்ல, கசடுதான்" என்றார். குழி முன்னைவிட ஆழமாகியிருந்தது. என் விரல் நுனியே உள்ளே மறையும் போலிருந்தது. குர்ஷித்தின் உதட்டோரம் நாவற்பழம் தின்ற மாதிரி ஒரு கறுப்பு. திரையின் பச்சை நிழல்தான் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரையை இம்மி விலக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நிழல் இல்லை.

விரிஞ்சிபுரத்துக் கோயில் கோபுரம் பின்னால் மறைந்து சிறிது தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். மூன்றாம் முறை நின்றது.

வெயில் சாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம், ஆள் நடமாட்டமே இல்லை. இவர் குதித்து இறங்கினார். பிளக்கைக் கழற்று என்றார், கழற்றினான். சுத்தமாக இருந்தது. கார்பரேட்டரைக் கழற்று என்றார், கழற்றினான். கிண்ணத்தில் கசடு இல்லை, ஒரு சொட்டுப் பெட்ரோலும் இல்லை.

"தொட்டியப் பாத்துடட்டா முதலாளி?"

"அதான் பாதிக்கு மேல இருக்குதே, எத்தினி தபா பாப்ப? நேரம் போவுதுடா. ஹாண்டில் போடு."

சுற்றினான். ஒன்றும் இல்லை. இவர் வாங்கிச் சுற்றினார். ஹாண்டில் திருப்பி அடித்து அவருடைய மணிக்கட்டு வீங்கிப் போனது. வலியில் குனிந்தவர் நிமிர்ந்து, வண்டியை ஓங்கி ஓர் உதை உதைத்தார். வண்டி குலுங்கியதில் குர்ஷித்துக்கு மூச்சு தடைப்பட்டது. என் மடியில் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. இழுக்கிறாள், போகவில்லை. இழுக்கிறாள். பிறகு கிரீச்சென்று ஒரு நூல் காற்று உள்ளே போனது. எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் அவள் பயப்படுவாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இவர் திரைக்கு வெளியே வந்து நின்றார். "ஜஹீரா, நான் விரிஞ்சிபுரம் ஓடிப் போயி ஒரு வண்டி பிடிச்சிக்கினு வர்றேன். மாட்டு வண்டியோ ஜட்காவோ எது கெடைச்சாலும். புள்ளயப் பாத்துக்க." குரல் அழுகையாக இருந்தது. பதில் வருவதற்குள் ஓடிவிட்டார். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

மாட்டு வண்டியில் வேலூர் போய்ச் சேர இருட்டிவிடும். இருட்டும் வரை அந்தக் குழி ஏறி இறங்காது. அது எனக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது. சுகரா பேகத்தின் வீட்டு வாசலில் பிள்ளையின் உடலைத் தூக்கிப் போகச் சின்னதாக ஒரு சந்தூக்கு கிடந்தது கண்ணுக்குள் வந்து நின்றது. நான் அதைத் தள்ளினேன். அது போகவில்லை.

பிள்ளையின் மூச்சைத் தவிர அங்கே வேறு சத்தம் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே போகிற காற்றுக்கு ஒரு சத்தம், வெளியே வருகிற காற்றுக்கு ஒரு சத்தம். மத்தியானத்திலிருந்து எனக்கு அதைவிட்டால் வேறு வேலை இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் எது எது என்று என்னால் சொல்ல முடியும்.

அப்போதுதான் அந்த 'ஹுப்' ஞாபகம் வந்தது.

அது வெளியே வருகிற காற்று இல்லை. ஆவி வெளியே வந்தால் 'புஸ்' என்று சீறும். அது இழுப்பு. அடைத்து வைத்திருந்த வாயைத் திறந்துவிட்டால் எப்படி இழுக்குமோ அப்படி. இரண்டு தடவையும் என் முதுகுக்குப் பின்னால் அந்தத் தொட்டி மூச்சு இழுத்தது. இரண்டு தடவையும் அதற்குப் பிறகுதான் வண்டி ஓடியது. பிளக்கும் இல்லை, கசடும் இல்லை. இந்தத் தடவை மூடியைத் திறக்கவில்லை, வண்டியும் கிளம்பவில்லை.

உள்ளே காற்றுப் போக வழி இல்லாவிட்டால் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கித்தானே விழுகிறது. இன்னொரு ஓட்டை போட்டால்தானே ஒழுங்காக வரும். இது அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரிந்த சங்கதி.

வளையலால் கதவைத் தட்டினேன். பச்சையப்பன், "முதலாளி இன்னும் வரலீங்கம்மா" என்றான் எங்கோ பார்த்துக்கொண்டு. மறுபடி தட்டினேன். அவனுக்கு என்ன புரியும்? 'நில்', 'போ' இரண்டைத் தவிர என் வளையலுக்கு வேறு பேச்சு தெரியாது. இவர் வரட்டும், இவரிடம் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். குர்ஷித்தின் கண் மேலே செருகியது.

"பச்சையப்பா" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்திருப்பான் போல. "அம்மாவா பேசறது?"

"பின்னால மூடியத் தொற."

"பெட்ரோல் இருக்குதும்மா. தொறக்க வேணாம்னு முதலாளி..."

"நான் சொல்றேன், தொற."

திருகுகிற சத்தம். பிறகு என் முதுகுக்குப் பின்னால் முன்பு இரண்டு முறை கேட்டதைவிடப் பெரிதாக, நீளமாக அந்த இழுப்பு. உள்ளே ஒடுங்கியிருந்த தகரம் 'டொம்' என்று பழையபடி நிமிர்ந்தது. பச்சையப்பன் பயந்து பின்னால் நகர்ந்தது கேட்டது.

"அந்த மூடிய இங்க குடு" என்றேன். திரைக்கு அடியில் கையை நீட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்திருக்க வேண்டும், மூடி என் விரலில் படாமல் பக்கத்தில் விழுந்தது. உள்ளே அந்தத் தோல் வட்டம், பெட்ரோலில் ஊறி உப்பி, மூடியோடு மூடியாக ஒட்டிக் கிடந்தது. நகத்தால் வரவில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் கிளறினேன். வந்தது. ஊசியாலேயே மூடியின் நடுத் துளையைக் குத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது.

"முதலாளி கையால வச்ச தோலும்மா அது" என்றான் பச்சையப்பன். அவன் குரலில் இருந்ததும் பயம்தான், வேறு மாதிரிப் பயம்.

"நான் பாத்துக்கறேன். மூடியப் போட்டுட்டு ஹாண்டில் சுத்து."

சுற்றினான். வரவில்லை. மறுபடி சுற்றினான். "இழு, இழு" என்று நான் சொன்னது வண்டியிடமா பிள்ளையிடமா என்று தெரியாது. என்ஜின் ஒரு தடவை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

இவரை எதிர்கொண்டு போகத் திருப்பினால் நேரமாகும் என்று வண்டியை அங்கேயே உறுமவிட்டுக் காத்திருந்தோம். அவரே சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தார். வண்டி எதுவும் கிடைக்கவில்லை போல. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, "எப்படிக் கெளம்பிச்சு?" என்று கேட்டார். "ஏறுங்க" என்றேன் நான்.

அவரைத் திட்ட என்னென்னவோ வாய் வரை வந்தது. உங்கள் தோலும் உங்கள் கைவேலையும் என்று ஆரம்பித்தால் வேலூர் வரை முடிக்க மாட்டேன். ஆனால் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளால் திட்ட முடியாது. தோல் வட்டத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். வண்டி அதன் பிறகு ஓர் இடத்திலும் திக்கவில்லை. கோட்டைச் சுவர் தெரிந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினாள். மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். நர்ஸிடம் ஊசி மருந்து எடுக்கச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஊசி போடறோம். ஆனா அது வேலை செய்யறதுக்கு நேரம் வேணும். குழந்தைக்கு அந்த நேரம் இல்லை. தொண்டை வழி அடைச்சுப் போச்சு. கழுத்துல கீழே சின்னதா ஓர் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைக்கணும். அது வழியா மூச்சு விடுவா. சம்மதம் சொல்லுங்க."

இவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வீங்கிய மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்திருந்தார்.

"கழுத்துல கத்தியா?" என்றார்.

"வேற வழி இல்லை."

"ஊசி மட்டும் போடுங்கம்மா. ஓட்டை வேணாம். கத்தி பட்ட எடம் மறுபடி ஒண்ணு சேராது. நான் தோல் பாக்கறவன், எனக்குத் தெரியும். ஓட்டை விழுந்தா விழுந்ததுதான். பொண்ணு அவ. வேணாம்மா."

"உங்க பயம் புரியுது. ஆனா இப்பவே செய்யணும்."

"வேணாம்" என்றார் மறுபடி. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் பிடிவாதக்காரர், ஆனால் அது பிடிவாதம் இல்லை. பயம் ஒரு மனிதனை எப்படி நட்ட மரமாக்கிவிடும் என்று அன்றுதான் பார்த்தேன். மேஜையில் குர்ஷித்தின் குழி உள்ளே போனது. மேலே வரக் காத்திருந்தேன். மெதுவாக வந்தது.

நான் முகத்திரையைத் தூக்கிப் பின்னால் போட்டேன். அவர் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, அந்தத் தோல் வட்டத்தை உள்ளங்கையில் வைத்தேன்.

"வண்டி ஏன் நின்னுது தெரியுங்களா? நீங்க அடைச்ச ஓட்டைதாங்க அது மூச்சு விடற ஓட்டை. இத எடுத்தேன், ஓடிச்சு. புள்ளைக்கும் மூச்சு விட ஒரு ஓட்டை வேணுங்கறாங்க. சரின்னு சொல்லுங்க."

அவர் தோலைப் பார்த்தார். பழக்கதோஷம், அதைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு துளை இல்லை, ஒரு கீறல் இல்லை, முதல் தரம். தோலைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"போடுங்க" என்றார் டாக்டரம்மாவிடம். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்களை வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவு வழியாகப் பிள்ளையின் கிரீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. ஏதோ இரும்புச் சாமான் தட்டில் விழுந்தது. பிறகு கிரீச்சு நின்றது.

நின்றேவிட்டது. நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே என் பயத்தையே இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். மத்தியானத்திலிருந்து கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று காதைத் தீட்டி வைத்திருந்த அமைதி அதுதான். சுவரில் தலையைச் சாய்த்தேன்.

உள்ளே ஒரு 'ஹுப்'.

நீளமான, ஈரமான இழுப்பு. காற்று உள்ளே போகிற சத்தம். அது ஆவி இல்லை, வெளியே வருவது இல்லை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தத் தடவை இவருக்கும் அது தெரிந்தது. கையிலிருந்த தோலை நழுவவிட்டு, கதவோடு ஒட்டி நின்று காதை வைத்தார். நானும் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். அடுத்த மூச்சுக்காக இரண்டு பேரும் நின்றோம்.

அதுவும் வந்தது.